முதல் ரைபிள் வீட்டுக்கு வர வேண்டாம்

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், துப்பாக்கிச் சுடுதல் பயிற்றுநர், நானுஓயா

பிள்ளைக்கு எந்த எயார் ரைபிள் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் இப்போது கூடிவிட்டார்கள். "சேர், மகனுக்கு ஒன்பது வயசு. சின்னதா ஒன்னு வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று நானுஓயா டவுனில் நிறுத்திக் கேட்பார்கள். மரக்கறித் தோட்டம் செய்பவர்கள், கொழும்பில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருபவர்கள், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் மாமன்மார் என்று பலரும் கேட்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கம்பனியின் பெயரும் ஒரு விலையும். நான் சொல்லும் பதில் வேறு: வாங்க வேண்டாம், ஆனால் பிள்ளை சுடப் பழகட்டும். கேட்பவர் முகத்தில் குழப்பம் தெரியும். தெருவோரத்தில் நின்று முழுக்க விளக்க முடியாத அந்தப் பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டின் மீது எனக்குள்ள மதிப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் இலக்கின் முழு விட்டம் 45.5 மில்லிமீற்றர். அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர். 75 நிமிடத்தில் 60 முறை அந்தப் புள்ளியை நோக்கிச் சுட வேண்டும். மூச்சு ஒருமுறை தவறினால், நாடித் துடிப்பு விசையில் தெரிந்தால், புள்ளி போய்விடும். வகுப்பில் ஐந்து நிமிடம் இருக்க முடியாத பிள்ளை, இலக்கின் முன்னால் ஒரு மணி நேரம் தன்னைத் தானே கவனித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 2018 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே 60 குண்டுகள்தான். எமது நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கியது இந்தப் போட்டியில்தான். உயரமோ ஓட்ட வேகமோ இதற்குத் தேவையில்லை. மைதானமும் தேவையில்லை. மலையில் சமதரை கிடைப்பது எவ்வளவு அரிது என்பது இங்கே கிரிக்கெட் ஆடிய எல்லாருக்கும் தெரியும். பந்து பள்ளத்தில் இறங்கினால் அரைமணி நேரம் ஆட்டம் நிற்கும். பத்து மீற்றர் நீளமுள்ள ஒரு மண்டபம் இருந்தால் நடத்தக்கூடிய ஒலிம்பிக் விளையாட்டு, தோட்டப் பிள்ளைகளுக்காகவே அமைந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டாம் என்கிறேன்? கடையில் பார்க்கும்போது எயார் ரைபிள் விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரியும். வெடிமருந்து இல்லை, புகை இல்லை, பெரிய சத்தமும் இல்லை. ஆனால் சர்வதேசப் போட்டிகளில் பயன்படும் ரைபிளே, அதாவது சக்தியில் அடக்கமான வகையே, அரைக் கிராம் ஈயக்குண்டை ஏறத்தாழ 7.5 ஜூல் சக்தியுடன் தள்ளுகிறது. அப்போது குண்டு செக்கனுக்கு 170 மீற்றர் அளவு வேகத்தில் பறக்கிறது. இந்த அளவிலான குண்டு மனிதத் தோலைத் துளைக்கச் செக்கனுக்குச் சுமார் 100 மீற்றர் வேகம் போதும் என்பதைத் தடயவியல் ஆய்வு 1980களிலேயே காட்டிவிட்டது. கண்ணுக்கு அதைவிடக் குறைந்த வேகமே போதும். சந்தையில் 'பவர் கூட' என்று விற்கப்படும் ஸ்பிரிங் ரைபிள் சிலவற்றின் பெட்டியிலேயே செக்கனுக்கு 1000 அடி, அதாவது 300 மீற்றருக்கு மேல், என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என்பது பாடசாலைப் பௌதிகம். ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒலிம்பிக் ரைபிளைப் போல மூன்று மடங்கு சக்தியுள்ள ஆயுதம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கென்று அதைத்தான் பலர் வாங்குகிறார்கள், அதுதான் மலிவாகவும் கிடைக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2004இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 2000ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டில் வெடிமருந்தில்லாத துப்பாக்கிகளால் ஏறத்தாழ 21,840 பேர் காயமடைந்ததாக அது மதிப்பிட்டது. 1990 முதல் 2000 வரை பதிவான 39 மரணங்களில் 32 பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். அமெரிக்காவில் இத்தகைய துப்பாக்கிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன, அந்தத் தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல என்று ஒருவர் வாதிடலாம். கணக்களவில் அது சரி. கால்பந்திலும் சைக்கிளிலும் பிள்ளைகள் அடிபடத்தான் செய்கிறார்கள். ஆனால் சைக்கிளில் விழும் பிள்ளையின் முழங்கால் ஆறிவிடும். ஈயக்குண்டு பட்ட கண் பெரும்பாலும் பழையபடி திரும்புவதில்லை. சைக்கிளில் ஆபத்து ஓட்டுகிறவனுக்கு. இங்கோ சுட்டவனுக்கு ஒன்றும் ஆகாமல், பக்கத்தில் நின்ற தங்கைக்கு ஆகிவிடலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போய்விடலாம். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ மலையிறங்கிப் போக வேண்டும், காயப்பட்ட கண்ணுக்கு அந்த நேரமே பகை.

எமது நிலமும் வீடும் வேறு என்பதே என் வாதத்தின் மையம். வெளிநாட்டுப் புத்தகங்களும் காணொளிகளும் ஒரு தந்தை தன் பின்வளவில் மகனுக்குச் சுடப் பழக்குவதைக் காட்டுகின்றன. அங்கே வேலி இருக்கிறது, வேலிக்கு அப்பால் வயல் இருக்கிறது, இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது. எயார் ரைபிள் குண்டு சில நூறு மீற்றர் வரை போகக்கூடியது என்பதால், பின்னால் என்ன இருக்கிறது என்பதே சுடுபவனின் முதல் கேள்வி. ஒரு லயத்தின் இஸ்தோப்பில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மேல் லயத்தின் வாசல் மட்டத்தில் கீழ் லயத்தின் கூரை இருக்கும். பக்கத்துக் காம்பராவுக்கும் எமது காம்பராவுக்கும் இடையில் ஒரு சுவர்தான். பீலியில் யாராவது தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சற்றுத் தள்ளிப் பிள்ளைக் காம்பரா. தேயிலை மலையைப் பார்த்துச் சுட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பவருக்கு, அந்த மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்களின் இடுப்புக்கு மேல்தான் செடிக்கு வெளியே தெரியும் என்பது நினைவுக்கு வர வேண்டும். குனிந்தால் அதுவும் தெரியாது. காலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் இருபது அடிக்கு அப்பால் ஆளா செடியா என்பதே தெரியாது. லயங்களுக்கு நடுவே பாதுகாப்பான பின்னணி உள்ள ஓரிடத்தைத் தேடிப் பார்த்திருக்கிறேன். மனதுக்கு ஒத்த இடம் ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்தது, துப்பாக்கியை எங்கே வைப்பது? பூட்டிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி, வேறிடத்தில் குண்டு, சாவி பெரியவரின் கையில் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும் வீட்டில், பிள்ளைக்குத் தெரியாத இடம் என்று எதுவும் இல்லை. மேற்பார்வைக்கும் இதே கதிதான். 'பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில்' என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. தாய் கொழுந்துக்குப் போயிருப்பாள், அல்லது சவூதியிலோ குவைத்திலோ இருப்பாள். தகப்பன் கொழும்பில். பிள்ளை பாடசாலை விட்டு வருவதற்கும் அந்திக்கும் இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் இருப்பது பாட்டி மட்டும். பெற்றோரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர்கள் உழைக்கும் விதமே அப்படி அமைந்திருக்கிறது. அந்த விதத்துக்குப் பொருந்தாத ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

வீட்டில் தொடங்கி உச்சிக்குப் போனவர்கள் இல்லையா என்று விபரம் தெரிந்தவர்கள் என்னை மடக்குவார்கள். இருக்கிறார்கள். 2008 பீஜிங்கில் இதே 10 மீற்றர் எயார் ரைபிளில் இந்தியாவுக்கு முதல் தனிநபர்த் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சொந்தச் சுடுகூடம் இருந்தது. 2012 லண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங், 1997இல் தந்தை வாங்கிக்கொடுத்த எயார் பிஸ்டலோடு ஹைதராபாத் வீட்டின் பின்வளவில் பழகியவர். இவை எனக்கு எதிரான சான்றுகள் என்று நான் கருதவில்லை. பிந்த்ராவின் வீட்டில் இருந்தது துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு முழுச் சுடுகூடம். நாரங்குக்கு அப்போது பதினான்கு வயது, பின்வளவும் இருந்தது. எமக்குப் பொருத்தமான கதை மூன்றாமவருடையது. கடலூரில் 1999இல் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், பின்னாளில் நாரங் நிறுவிய அகடமியில் பயிற்சி பெற்றார். 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கிண்ணத்திலும், அதே ஆண்டு சீனாவின் புத்தியானில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியிலும் தங்கம் வென்றார். வீட்டில் வளவு இல்லாத பிள்ளைக்காக வேறொருவர் கூடம் கட்டித்தர வேண்டும். நாரங் தான் பெற்றதை அடுத்த தலைமுறைக்கு அந்த வடிவத்தில்தான் கொடுத்தார்.

வயதைப் பற்றியும் பெற்றோருக்கு ஒரு பதற்றம் இருக்கிறது. ஏழு வயதில் தொடங்காவிட்டால் பிந்திவிடும் என்று நினைக்கிறார்கள். 2024 பாரிஸில் பெண்கள் 10 மீற்றர் எயார் ரைபிளில் தங்கம் வென்ற தென்கொரியாவின் பான் ஹியோஜின் அப்போது பதினாறு வயது மாணவி. அவர் முதன்முதலில் ரைபிளைத் தொட்டது 2021இல், அதாவது மூன்றே ஆண்டுகளுக்கு முன். சுடுதலில் நீண்ட பாரம்பரியமுள்ள ஜேர்மனியில், கழகத்தில், பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதத்தோடும் பயிற்றுநர் மேற்பார்வையோடும் எயார் ரைபிள் சுட 12 வயது நிரம்ப வேண்டும் என்பது பொது விதி. அதற்குக் கீழ்ப்பட்ட சிறுவர்கள் குண்டுக்குப் பதில் ஒளிக்கதிரை வீசும் ரைபிளில் பழகுகிறார்கள். நிற்கும் முறை, மூச்சு, குறி, விசையை நசுக்கும் மென்மை எல்லாமே அதில் கைவரும். நவீன பெந்தத்லான் போட்டியே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் குண்டைக் கைவிட்டு லேசர் பிஸ்டலுக்கு மாறிவிட்டது. பிரித்தானியாவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் எயார் ரைபிள் வாங்க முடியாது. 2005இல் கிளாஸ்கோவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எயார் ரைபிள் குண்டுபட்டு இறந்ததை அடுத்து எழுந்த கோரிக்கையின் பலனாக, 2016 டிசம்பர் 31 முதல் ஸ்கொட்லாந்தில் அனுமதிப்பத்திரமும் கட்டாயமானது. துப்பாக்கியை நன்றாக அறிந்த நாடுகளே இப்படி நிதானமாகப் போகும்போது நாம் அவசரப்படக் காரணமில்லை.

குரங்குப் பிரச்சினையை ஒதுக்கிவிட்டு இதை எழுத முடியாது. பிள்ளைக்கு என்று கேட்கும் பலரின் மனதில் உண்மையில் இருப்பது கரட் பாத்தியும் லீக்ஸ் பாத்தியும்தான். பையன் பழகினால் பின்னேரத்தில் குரங்கை விரட்டுவான் என்ற கணக்கு. அந்தக் கஷ்டம் பொய்யல்ல. கடன் வாங்கி விதைத்த கிழங்கை ஒரே காலையில் இழந்தவரிடம் உயிர்ப்பன்மை பற்றி உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அரசாங்கம் பேசியதும், 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மந்தி, மயில், மர அணில் என்று எண்ணச் சொன்னதும், இந்தப் பிரச்சினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் காட்டும். ஆனாலும் அது பெரியவர்களின் பிரச்சினை, அதற்குத் தீர்வு காணும் பொறுப்பு விவசாயத் திணைக்களத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் உரியது. எயார் ரைபிள் குண்டு குரங்கை உடனே கொல்வதில்லை; உடலில் ஈயத்தோடு அது ஓடும், காயம் சீழ்பிடித்துப் பல நாள் கிடந்து சாகும். இந்தக் குரங்கு உலகில் வேறெங்கும் இல்லாத இலங்கைக்கே உரிய இனம் என்பது ஒருபுறமிருக்க, ஒரு பிள்ளையின் கைக்கு இந்த வேலையைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. சுடுகூடத்தில் நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், உயிருள்ள எதன் பக்கமும் குழல் திரும்பக் கூடாது என்பது. பத்து வயதுப் பிள்ளைக்குக் காலையில் அந்தப் பாடத்தையும் பின்னேரம் அதற்கு நேர்மாறான வேலையையும் கொடுத்தால், இரண்டில் எது மனதில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, ஒரு கூடம் இருக்கிறது, பயிற்றுநர் இருக்கிறார், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. அப்போது எப்படித் தெரிவு செய்வது? இங்கே என் பதில் தெளிவானது. முதலில் பிள்ளையின் உடல். ரைபிளின் பின்கட்டையைத் தோளில் பதித்தால் விசைக்கு விரல் தானாகப் போய்ச் சேர வேண்டும். பெரியவர்களுக்கான கட்டை நீளமாக இருப்பதால் பிள்ளை முதுகைப் பின்னால் வளைத்துச் சமாளிக்கும், அந்த வளைவு இடுப்பில் வலியாகத் தங்கும். ஆகவே நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கட்டை வேண்டும். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது, பிள்ளைக்கு அதில் பாதியே போதும், ஆரம்பத்தில் தாங்கி ஒன்றில் வைத்துச் சுடலாம். குழலை மடித்து ஸ்பிரிங்கை இழுக்கும் வகையில், பெரியவர் மாதிரிகளுக்குப் பத்துப் பதினைந்து கிலோ அழுத்தம் தேவைப்படும். பாதியில் கை நழுவினால் குழல் திரும்பி அடிக்கும், விரல் போகும். முன்கூட்டியே காற்று அடைத்த சிலிண்டரில் இயங்கும் சிறுவர் மாதிரிகளில் அந்த ஆபத்தில்லை. ஜேர்மனியின் பைன்வெர்க்பாவ், வால்தர், அன்சூட்ஸ் போன்றவை அத்தகைய மாதிரிகளைச் செய்கின்றன. விலை அதிகம், காற்று நிரப்பும் ஏற்பாடும் வேண்டும். ஒரு குடும்பத்துக்குக் கட்டாது, ஒரு பாடசாலைக்குக் கட்டும். சக்தி 7.5 ஜூலுக்கு மேல் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு குண்டு மட்டும் போடும் வகையே நல்லது. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் பிள்ளை நின்று யோசிக்க அது இடம் தரும். தொலைநோக்கி வேண்டாம், துளை வழியே பார்க்கும் குறிகாட்டி போதும். எந்தக் கண் பிள்ளைக்கு ஆட்சிக் கண் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆட்சி செய்வது பலர் நினைப்பதைவிட அதிகம். குண்டு ஈயம் என்பதை மறக்கக் கூடாது. பையன்மார் குண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஈயத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவிய பிறகுதான் சாப்பாடு.

என் நிலைப்பாட்டுக்கு எதிராக நான் கேட்டதிலேயே கனமான கேள்வி ஒரு தோட்டத்து இளைஞனுடையது. கொழும்பின் பெரிய பாடசாலைகளில் ரைபிள் அணி இருக்கிறது, எங்களுக்கு எதுவுமில்லை, வாங்கக் கொஞ்சம் வசதி வரும்போது நீங்களும் வேண்டாம் என்கிறீர்களே என்றான். இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. கூடம் கட்டாமல் 'வீட்டில் வேண்டாம்' என்று மட்டும் சொல்வது, தோட்டப் பிள்ளைக்கு இன்னொரு கதவை அடைப்பதுதான். ஆகவே என் கோரிக்கையின் மறுபாதி நுவரெலியா, அட்டன் கல்வி வலயங்களுக்கும் விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் உரியது. நானுஓயா, தலவாக்கலை, அட்டன் பகுதிகளில் ஒவ்வொரு பாடசாலையைத் தெரிவு செய்து, மண்டபத்தின் ஒரு பக்கத்தில் நான்கு சுடுபாதைகள், குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டிகள், பின்னால் தடித்த திரை, பூட்டக்கூடிய ஓர் அறை அமைக்கலாம். முதல் ஆண்டில் குண்டு வேண்டாம், ஒளிக்கதிர் ரைபிள் இரண்டு போதும். தேசிய துப்பாக்கிச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்திடமும், கடேற் படையணியிடமும் பயிற்றுநர்களைக் கேட்கலாம். நான்கு ரைபிளில் வாரத்துக்கு எண்பது பிள்ளைகள் பழக முடியும். எண்பது வீடுகள் தனித்தனியே வாங்கும் மலிவு ரைபிள்களுக்கு ஆகும் காசைக் கூட்டிப் பார்த்தால், எது சிக்கனம் என்பது தெரிந்துவிடும். தோட்டக் கம்பனிகளும் இதில் பங்கெடுக்கலாம். பழைய களஞ்சியக் கட்டிடங்கள் பல தோட்டங்களில் சும்மா கிடக்கின்றன, பத்து மீற்றருக்கு அவை தாராளம்.

ஏற்கனவே வீட்டில் ஒன்று வாங்கி வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கக்கூடும். இலங்கையில் துப்பாக்கிகளுக்கான அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முகநூல் விளம்பரம் பார்த்து வாங்கியிருந்தால், அதை வைத்திருக்க என்ன அனுமதி தேவை என்று பொலிஸ் நிலையத்திலோ மாவட்டச் செயலகத்திலோ தாமாகவே போய்க் கேட்பது, கேள்வி வீடு தேடி வரும்வரை காத்திருப்பதைவிட நல்லது. அதுவரை குண்டுப் பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். குழலுக்குள் குண்டு இல்லை என்பதைப் பெரியவர் ஒருவர் தானே திறந்து பார்க்க வேண்டும், யாரோ சொன்னதை நம்பக் கூடாது. விசைக்குப் பின்னால் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், சாவியை வேலைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். பிள்ளை அழும். பாடசாலையில் கூடம் கட்டச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசப் போகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், சொன்னபடி போய்ப் பேசவும் பேசுங்கள். அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நானும் வருவேன்.